சர்வர்ல ஓடுறது எந்த கமிட்டு?

"இவ்ளோ நாள் மெர்க்குரியல்ல எச்ஜி ஐடினு அடிச்சா போதும், இப்ப டீமே கிட்டுக்கு மாறிடுச்சு, எந்த வெர்ஷன் ஓடுதுனு ப்ரோக்ராமே காட்டணும்னா என்ன பண்றது?"னு ஒருத்தர் கேட்டிருந்தார். மெர்க்குரியல், கிட் ரெண்டுமே கோடுல பண்ற மாற்றங்கள பதிஞ்சு வைக்கிற டூல், அப்படி பதிஞ்ச ஒவ்வொண்ணும் ஒரு கமிட்டு.

கிட் ரெவ்-பார்ஸ் ஹெட்னு அடிங்க, ஹெட் மட்டும் கேப்பிடல்ல, 40 எழுத்து ஹேஷ், அதாவது அந்த கமிட்டோட அடையாளக் குறி, வந்து விழும். அவ்ளோ நீளம் வேணாம்னா ஹெட்டுக்கு முன்னாடி --ஷார்ட் போடுங்க, சாதாரணமா 7 எழுத்து வரும், ரெப்போ (கோடும் அதோட கமிட்டெல்லாமும் இருக்குற இடம்) பெருசானா கொஞ்சம் கூடும். மெர்க்குரியல்ல ஹேஷோட ஒரு வரிசை நம்பரும் உண்டுல்ல, அத இங்க தேடாதீங்க, கிடையாது. அங்கயே அது உங்க க்ளோனுக்கு (உங்ககிட்ட இருக்குற ரெப்போ காப்பிக்கு) மட்டும்தான் செல்லும், பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட அதே நம்பர் வேற கமிட்டா இருக்கலாம்.

ஆனா எச்ஜி ஐடி கடைசில ஒரு ப்ளஸ் போடுமே, கமிட் பண்ணாத மாற்றம் இருக்குனு, ரெவ்-பார்ஸ் அத சொல்லாது. நான் பட்டிருக்கேன்: ஹேஷ் அச்சு அசலா ஒத்துப்போகுது ஆனா பக் மட்டும் சர்வர்ல வருது, அரை நாள் மண்டைய உடைச்சப்புறம் பாத்தா எவனோ சர்வர்லயே உள்ள போய் ஒரு ஃபைல கையால மாத்தி வச்சிருக்கான். அதனால என் ஓட்டு கிட் டிஸ்க்ரைப் --டேக்ஸ் --ஆல்வேஸ் --டர்ட்டிக்குத்தான். வி2.3-14-ஜி4718203-டர்ட்டினு வந்தா, வி2.3 டேகுக்கு (ஒரு கமிட்டுக்கு வச்ச பேருக்கு) அப்புறம் 14 கமிட்டு தள்ளி நிக்குறீங்க, ஹேஷ் 4718203, அந்த ஜி கிட்டோட ஜி, ஹேஷுல சேராது, கடைசில டர்ட்டினா யாரோ கைய வச்சிருக்காங்க. கிட்ல ஆட் பண்ணாம சும்மா கிடக்குற புது ஃபைல இது கணக்குல எடுக்காது, அதுக்கு கிட் ஸ்டேட்டஸ்தான். டேகே இல்லாத ரெப்போன்னா --ஆல்வேஸ் இருக்கதால வெறும் ஹேஷாவது கிடைக்கும்.

இந்த கமாண்ட ப்ரோக்ராம் ஓடும்போது கூப்பிடாதீங்க, நிறைய சர்வர்ல கிட்டே இருக்காது, டாக்கர் இமேஜ்னா (ப்ரோக்ராம தேவையானதோட சேத்து கட்டுன மூட்டை) கமிட்டெல்லாம் இருக்குற .கிட் ஃபோல்டரும் பெரும்பாலும் உள்ள வராது. பில்ட் பண்றப்பவே ஓட்டி வர்றத ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டு அத படிச்சு காட்டுங்க. உங்க லேப்டாப்ல சரியா வந்து பில்ட் சர்வர்ல மட்டும் வெறும் ஹேஷ் வந்தா பயப்படாதீங்க, அங்க --டெப்த் 1 போட்டு, அதாவது கடைசி கமிட்ட மட்டும், க்ளோன் பண்ணிருப்பாங்க, பழைய டேகெல்லாம் வந்திருக்காது, முழுசா எடுக்கச் சொல்லுங்க.