அலமேலு என்று கூப்பிட ஆளில்லை

கேள்வி: பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதமாகிறது. தன் பாட்டியின் பெயரான 'அலமேலு'வைத்தான் வைக்க வேண்டும் என்று கணவர் பிடிவாதம் பிடிக்கிறார். பள்ளியில் கேலி செய்வார்களே என்றால், "சான்றிதழில் மட்டும் அலமேலு, கூப்பிட வேறு பெயர்" என்கிறார். பாட்டிக்கு 84 வயது, எங்களோடுதான் இருக்கிறார். அவரைக் கேட்டதற்கு, "என் பேரே எனக்கு மறந்து போச்சு, உங்க இஷ்டம்" என்று சிரித்துவிட்டார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: கேலி செய்வார்கள். பிள்ளைகள் எந்தப் பெயரையும் விட்டுவைப்பதில்லை. அதை விடுங்கள்.

போகிற போக்கில் கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, "என் பேரே எனக்கு மறந்து போச்சு" என்று பாட்டி சொன்னதாக. அதைச் சம்மதம் என்றா எடுத்துக்கொண்டீர்கள்? அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உரிமையுள்ள அப்பா, அம்மா, அக்கா, சிநேகிதிகள் எல்லாரும் ஒவ்வொருவராகப் போய்விட்டிருப்பார்கள். வீட்டில் அவர் அம்மா, அப்புறம் பாட்டி. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் வேறு. ஒருமுறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள் என் அம்மா. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அலமேலு என்பது அலர்மேல்மங்கை. மலர்மேல் இருப்பவள், திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் இருக்கும் லட்சுமித் தாயார். திருவாய்மொழியில் நம்மாழ்வார் 'அலர்மேல்மங்கை' என்றே பாடியிருக்கிறார். அது பேச்சில் தேய்ந்து அலமேலுமங்கை ஆனது, பிறகு மங்கையும் உதிர்ந்து வெறும் அலமேலு. பாட்டியின் பெயரைத் தாங்குபவள் என்பதால்தான் பெயர்த்தி, அதாவது பேத்தி. அந்த வழக்கம் விட்டுப்போனதும் பெயரும் அருகிப்போனது. 1916-ல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு மலர்விழி, பூங்கொடி என்று ஆசையாக வைத்தார்கள். அலமேலுவுக்குள்ளும் ஒரு பூ இருப்பதை மறந்துவிட்டார்கள். பின்னால் எண் கணித ஜோதிடம் பார்த்துப் பெயர் வைப்பது வந்தது. இப்போது அலமேலு என்றாலே வயதான மாமி முகம்தான் நினைவுக்கு வருகிறது.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தாளில் ஒரு பெயர், வாயில் வேறு பெயர் என்கிறாரே, பாட்டிக்கு நடந்ததும் அதேதானே? அதையே கொள்ளுப்பேத்திக்கும் செய்துவிட்டுப் பாட்டிக்கு மரியாதை செய்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வைத்தால் வாய் நிறையக் கூப்பிடுங்கள். கூப்பிட மனமில்லை என்றால் வைக்காதீர்கள். பாதிக் கடமை என்று ஒன்று கிடையாது.

பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமே இல்லை, அதற்குப் பிறகும் 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அந்தக் கவலை வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலம் குழந்தையைப் பாட்டி மடியில் போட்டுவிட்டு, சின்ன வயதில் அவரை யார் யார் என்னவென்று கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அலமுவா, மங்காவா? உங்கள் கணவரும் போனை உள்ளே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காரட்டும்.