நெடுவரிசை இருக்கும்போது ரெயில்ஸ் ஏன் இல்லை என்கிறது?

கேள்வி: ரூபி மொழிக்கான ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகத்தில் ஒரு கடைக்கான இணையச் செயலியை எழுதிவருகிறேன். பொருள் பட்டியல் மெதுவாகத் திறந்ததால், பெயரையும் விலையையும் மட்டும் எடுக்கும்படி தரவுத்தளக் கேள்வியில் செலக்ட் சேர்த்தேன். உடனே ‘மிஸ்ஸிங் ஆட்ரிபியூட்’ என்ற பிழை வருகிறது. ஸ்டேட்டஸ் என்ற நெடுவரிசையைச் சுட்டுகிறது. அந்தப் பக்கத்தில் நான் ஸ்டேட்டஸைக் காட்டுவதே இல்லை. அட்டவணையிலும் அது பத்திரமாக இருக்கிறது. அட்டவணையின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷனைத் திரும்ப ஓட்டியும் பயனில்லை.

பதில்: மைக்ரேஷனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அட்டவணையிலேயே நெடுவரிசை இல்லையென்றால், படிக்கும்போது ‘நோ மெத்தட்’ பிழையும், நியூ, அப்டேட் போன்றவற்றில் மதிப்பு கொடுக்கும்போது ‘அன்னோன் ஆட்ரிபியூட்’ பிழையும் வந்திருக்கும். ‘மிஸ்ஸிங் ஆட்ரிபியூட்’ சொல்வது வேறு: நெடுவரிசை உண்டு, ஆனால் அட்டவணையின் ஒரு வரிக்கான இந்த ஆப்ஜெக்டை ஏற்றியபோது அதைக் கேட்கவில்லை.

அப்படியானால் கேட்காத ஸ்டேட்டஸை யார் படிக்கிறார்கள்? பிழையோடு வரும் நீண்ட வரிசையில் ஜெம்களின் (பிறர் எழுதிய நூலகங்களின்) வரிகளைத் தாண்டி, உங்கள் நிரலைச் சேர்ந்த முதல் வரியைப் பாருங்கள். அது பெரும்பாலும் மாடலில் (அட்டவணைக்கான வகுப்பில்) உள்ள ‘ஆஃப்டர் இனிஷியலைஸ்’ கால்பேக்காக, அதாவது ஆப்ஜெக்ட் உருவானதும் தானாக ஓடும் நிரலாக இருக்கும். ‘ஸ்டேட்டஸ் காலியாக இருந்தால் இந்த மதிப்பை வை’ என்று அதில் எழுதியிருப்பீர்கள். புதிதாக உருவாக்கும்போது மட்டும் இது ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் அது ஓடுகிறது. காலியா என்று பார்ப்பதே ஒரு வாசிப்புதான். பிழை அங்கேயே எழுகிறது.

செலக்டில் ஸ்டேட்டஸையும் சேர்த்தால் பிழை மறையும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாளை வேறொரு பக்கத்தில் செலக்ட் போடும்போது இதே பிழை திரும்ப வரும். கால்பேக்கையே எடுத்துவிட்டு, இயல்பு மதிப்பை மைக்ரேஷன் வழியாகத் தரவுத்தளத்தில் வையுங்கள். அல்லது ரெயில்ஸ் 5 முதல் உள்ள ஆட்ரிபியூட் வசதியால் மாடலில் அறிவியுங்கள். கால்பேக் அவசியம் என்றால், பதிவு புதியதாக இருந்தால் மட்டும் ஓடும்படி நிபந்தனை சேர்த்தால் போதும்.

கால்பேக்கே இல்லையென்றால் உறவுகளைப் பாருங்கள். பொருளை அதன் வகையோடு இணைக்கும் பிலாங்ஸ்-டு வழியாக வகையின் பெயரைக் காட்டுகிறீர்கள் என்றால், அதற்கான அயல் திறவுகோலும் (வகையின் ஐடியை வைத்திருக்கும் நெடுவரிசையும்) செலக்டில் இருக்க வேண்டும். விடுபட்டால் இதே பிழைதான்.

உங்கள் செலக்டில் இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. நீங்கள் ஐடியைக் கேட்கவில்லை. ஐடி மட்டும் விதிவிலக்கு: ஏற்றப்படாவிட்டாலும் இந்தப் பிழை எழாது, சத்தமில்லாமல் ‘நில்’ (மதிப்பு இல்லை) என்று வரும். ஸ்டேட்டஸைச் சரிசெய்த கையோடு, பொருளின் பக்கத்துக்குப் போகும் இணைப்பு உடையும். ஆகவே ஐடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் பெயரும் விலையும்தான் வேண்டும், மாடலின் மெத்தட் எதுவும் தேவையில்லை என்றால், மதிப்புகளை மட்டும் தரும் ‘பிளக்’ மெத்தட் போதும். அது ஆப்ஜெக்டையே உருவாக்காது, கால்பேக்கும் ஓடாது.

பைத்தான் மொழியின் இணையச் சட்டகமான ஜாங்கோவில், செலக்டைப் போன்ற ‘ஒன்லி’ போட்டு எடுத்தால், விடுபட்டதைப் படிக்கும் கணத்தில் அது தானாகவே இன்னொரு கேள்வியைத் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடும். வசதிதான், ஆனால் நூறு வரிகள் உள்ள பட்டியலில் நூறு கேள்விகள் கூடுதலாகப் போகும். பக்கம் ஏன் மெதுவாகிறது என்றும் தெரியாது. முகத்துக்கு நேரே பிழையைச் சொல்லும் ரெயில்ஸின் வழக்கமே எனக்குப் பிடித்திருக்கிறது.