பத்து வருடம் ஓட வேண்டிய கம்ப்யூட்டர்: எப்போது வாங்குவது?

வணக்கம் சார். என்னிடம் இருப்பது 2017 கோடையில் அசெம்பிள் செய்த, இன்டெல் ஐ7-7700கே சிப் போட்ட மெஷின். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். விண்டோஸ் 11 ஏற மாட்டேன் என்கிறது. இரண்டு லட்சம் எடுத்து வைத்திருக்கிறேன். பத்து வருடம் ஓட வேண்டும். ரேம் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. இப்போதே வாங்கவா, அடுத்த தலைமுறை சிப் வரட்டும் என்று பொறுக்கவா?

— ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பாதி பதில் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. நீங்கள் வாங்கிய அதே வருடம் அக்டோபரில் ஆறு கோரோடு இன்டெலின் அடுத்த சிப் 8700கே வந்தது. சிப் உட்காரும் சாக்கெட் அதே எல்ஜிஏ 1151தான். ஆனால் உங்கள் மதர்போர்டில் ஓடாது, புது போர்டு வாங்கு என்றது இன்டெல். சிப்பில் குறையில்லை, போர்டுக்கு வயதாகிவிட்டிருந்தது.

அதே 2017-இல் ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட் போர்டில் அதன் முதல் ரைசன் சிப்பைப் போட்டவர்கள் ஆரம்பத்தில் ரேம் ஒத்துவராமல் பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்த ரைசனையும் விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் போர்டுகள் பலவற்றில் 2022-இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி சிப் வரை போட முடிந்தது. சிப்பை மட்டும் மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

அதனால் சாக்கெட்டின் வயதைப் பாருங்கள். புது சாக்கெட் வந்து, முதல் சில மாதக் கோளாறுகள் பயாஸில் தீர்ந்த பிறகு வாங்குவதுதான் என் கணக்கு. ஏஎம்4-க்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 வந்தது 2022 செப்டம்பரில். 2027-ஐத் தாண்டியும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இளசு இல்லை, ஆனாலும் ஒரு சிப் மாற்ற இடமிருக்கும்.

அப்புறம் ரேம். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ஏஎம்5 போர்டு கேட்கும் டிடிஆர்5 ரேமின் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. மெமரி தயாரிக்கும் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் தன் குரூஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. இது எப்போது இறங்கும் என்று ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் முகூர்த்த சீசன் போய்விடும். ரெண்டரிங்கில் வேலை தேங்கினால் இப்போதே வாங்குங்கள், ரேம் மட்டும் 32 ஜிபியோடு நிற்கட்டும். 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். பின்னால் இன்னும் இரண்டு செருகலாம் என்று நினைக்காதீர்கள். நாலு ஸ்டிக் போட்டால் டிடிஆர்5 வேகம் குறைத்துத்தான் ஓடும். விலை இறங்கியதும் ஜோடியை விற்றுவிட்டுப் பெரிய ஜோடி போடுங்கள். வேலை தேங்கவில்லை என்றால், தாராளமாகப் பொறுக்கலாம்.

பத்து வருடம் நிஜமாகவே ஓடுவது கேபினெட்டும் பவர் சப்ளையும்தான். பத்து வருட வாரண்டி உள்ள 850 வாட், கோல்டு (மின்சாரம் அதிகம் வீணாகாத தரம்) சப்ளையாக எடுங்கள், அதில் பேரம் வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டில் உச்சத்துக்குப் போகாமல் நடுத்தரமாக வாங்கி, நாலைந்து வருடத்தில் மாற்றுவது மேல். வீட்டில் 600 விஏ யூபிஎஸ் இருந்தால் அதை மோடத்துக்கு விட்டுவிடுங்கள். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அது இந்த மெஷினைத் தாங்காது.