சலுகை இருப்பதால்தான் கொடுக்கிறார்களா?

கேள்வி: பொருளாதாரம் இறுதியாண்டு படிக்கிறேன். 'வரிச்சலுகையும் நன்கொடையும்' என்பது என் ப்ராஜெக்ட். சலுகை இருந்தால் மக்கள் அதிகம் கொடுப்பார்கள் என்று நிரூபிக்க நினைத்து, "சலுகை இல்லாவிட்டாலும் கொடுப்பீர்களா?" என்று கேட்டு ஒரு ஃபார்ம் அனுப்பினேன். கிட்டத்தட்ட எல்லோரும் "கொடுப்பேன்" என்று எழுதிவிட்டார்கள். கைடு, தலைப்பே ரொம்பப் பெரிசு என்கிறார். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கணுமா?

பதில்: வேண்டாம். தலைப்பு நல்ல தலைப்பு. ஆனால் "நிரூபிக்க" வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். பணம் திரும்பக் கிடைக்காவிட்டால் கொடுக்க மாட்டேன் என்று யாராவது தன் கையால் எழுதிக் கொடுப்பார்களா? மனிதர்கள் தங்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிக்கொள்வார்கள், அதில் தப்பில்லை, ஆனால் அது உங்களுக்கு டேட்டா ஆகாது.

இந்தத் துறையில் எல்லாமே ஒரு சின்னக் கணக்கில் ஆரம்பிக்கிறது. வருமானத்திலிருந்து நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னால், 30 சதவீத வரி கட்டுகிறவர் 1,000 கொடுக்கும்போது அவர் கையிலிருந்து உண்மையில் போவது 700தான். இதைத்தான் 'கொடுப்பதன் விலை' என்கிறார்கள். வரி கூடினால் இந்த விலை குறையும். விலை குறைந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி, அதாவது நெகிழ்ச்சி. 1970களிலேயே மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன் போன்ற பொருளாதார அறிஞர்கள் இதை அளந்தார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை.

ஏன் ஓயவில்லை என்றால், அதிக வரி கட்டுகிறவர்தான் அதிகம் சம்பாதிக்கிறவரும். அவர் நிறைய கொடுத்தால் அது சலுகைக்காகவா, கையில் பணம் இருப்பதாலா? இரண்டையும் பிரிக்காமல் ரிக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டு அழகான டேபிள் கொண்டுபோனால், வைவாவில் முதல் கேள்வியே இதுதான் வரும்.

பிரிப்பதற்கு நல்ல வழி, சட்டம் மாறிய சமயத்தைப் பிடிப்பது. அமெரிக்காவில் 1986இல் வரிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. உச்ச வரி 1986இல் 50 சதவீதம், 1987இல் 38.5, 1988இல் 28. அதாவது உச்சத்தில் இருந்த ஒருவருக்கு 100 டாலர் கொடுப்பதன் விலை 50 டாலரிலிருந்து இரண்டே வருஷத்தில் 72 டாலர் ஆனது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா, சலுகை சுருங்கப் போகிறது என்று தெரிந்த பணக்காரர்கள் பின்னால் கொடுக்க நினைத்ததையும் 1986லேயே கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷக் கணக்கு உப்பிப் போய், அடுத்த வருஷம் விழுந்தது. இதை மட்டும் பார்த்து "சலுகை குறைந்ததும் தானமும் சரிந்தது" என்று எழுதுவது பெரிய தவறு, ஏனென்றால் மாறியதில் ஒரு பங்கு, கொடுத்த தேதி மட்டும்தான். அதனால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சில வருஷங்களைச் சேர்த்தே பாருங்கள்.

சரி, அவ்வளவு டேட்டா இளங்கலை மாணவிக்குக் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் நான் சொல்லும் வழி ஒரு சின்னப் பரிசோதனை, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. சலுகையை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஒன்று, நீங்கள் 100 கொடுங்கள், 50 உங்களுக்கே திரும்பும். இன்னொன்று, நீங்கள் 50 கொடுங்கள், அதற்கு ஈடாக இன்னொரு 50 தொண்டு நிறுவனத்துக்குப் போகும். இரண்டிலும் நிறுவனத்துக்கு 100, உங்களுக்குச் செலவு 50. விலை ஒன்றே என்பதால் பாடப்புத்தகப்படி இரண்டும் ஒரே பலனைத் தர வேண்டும். ஆனால் பொருளாதார ஆய்வாளர்கள் கேதரின் எக்கலும் ஃபிலிப் கிராஸ்மனும் 2003இல் வெளியிட்ட பரிசோதனையில், ஈடு போடும் முறையில்தான் நிறுவனங்களுக்கு அதிகம் போய்ச் சேர்ந்தது. பிரிட்டனில் 1990இல் வந்த கிஃப்ட் எய்டு என்ற நன்கொடை வரிச்சலுகைத் திட்டத்தில் இரண்டுமே உண்டு: இன்று 100 பவுண்டு கொடுத்தால் நிறுவனம் அரசிடம் 25 பவுண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளும், உயர் வரி கட்டுகிறவர் மிச்சச் சலுகையைத் தானே கேட்டு வாங்கணும்.

இதை உங்கள் கல்லூரியிலேயே செய்யலாம். மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முறையை மட்டும் சொல்லுங்கள். பணம் நிஜமாக இருக்கணும், இல்லாவிட்டால் பழைய ஃபார்ம் கதைதான். எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்றால், கடைசியில் குலுக்கலில் வரும் சிலருடைய முடிவை மட்டும் நிஜப் பணத்தில் நிறைவேற்றப் போவதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்லூரி அனுமதியை மட்டும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பழைய ஃபார்மையும் தூக்கிப் போட வேண்டாம். ஃபார்ம் நிரப்பியவர்களில் வரி கட்டுகிறவர்களிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "1,000 நன்கொடை கொடுத்தால் உங்களுக்கு எவ்வளவு வரி மிச்சமாகும்?" தன் விலை என்னவென்றே தெரியாதவர் அந்த விலையைப் பார்த்து முடிவெடுத்திருக்க முடியாது. எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்பதற்கே ஒரு அத்தியாயம் ஒதுக்கலாம்.

கைடிடம் போகும்போது தலைப்பை இப்படிச் சுருக்கி எழுதிக்கொண்டு போங்கள்: "விலை ஒன்றாக இருந்தால், பணம் திரும்பக் கிடைப்பதா, ஈடு போடுவதா, எதில் மாணவர்களிடமிருந்து தொண்டு நிறுவனத்துக்கு அதிகம் போகிறது?"