தோழி வீட்டுப் படியேறலாமா?

கேள்வி: வயது 53. சொந்த ஊர் போடிநாயக்கனூர். கல்யாணமானதிலிருந்து மும்பையில் இருக்கிறேன். பள்ளியில் எனக்கு உயிர்த்தோழி ஒருத்தி. வேறு சாதி என்பதால் அப்பா அவளை வாசல் தாண்ட விட்டதில்லை. என் கல்யாணத்துக்கும் கூப்பிடக் கூடாது என்றுவிட்டார். அதோடு தொடர்பு அறுந்தது. அப்பா காலமாகிப் பல வருஷமாயிற்று. அவள் ஏலத்தோட்ட வேலைக்குப் போவதாகக் கேள்வி. தையில் என் மகளுக்குக் கல்யாணம். நேரில் போய் அழைக்க ஆசை. "பழசைக் கிளறாதே, வேண்டுமானால் பணம் அனுப்பு" என்கிறார் அண்ணன். என்ன செய்யட்டும்?
- வாசகி, மும்பை

பதில்: அவசியம் போங்கள், தங்கச்சி. ஆனால் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே ஒருமுறை போய் வந்துவிடுங்கள். பத்திரிகையும் கையுமாகப் போய் நின்றால், 'வர்றேன்' என்று சொல்வதைத் தவிர அவருக்கு வழியிருக்காது.

நானும் உங்கள் பக்கம்தான், உத்தமபாளையத்துக்காரி. தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போய், பொழுது சாயத்தான் திரும்புவார்கள். உங்களுக்காக அவர் ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போய்விடும். சனிக்கிழமையே ஊருக்கு வந்து, சொல்லி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போங்கள். 2010 கடைசியில் நிறுத்திய மதுரை - போடி ரயில் 2023 ஜூனிலிருந்து அகலப்பாதையில் ஓடுகிறது, அலைச்சல் இருக்காது.

அவரை அண்ணன் வீட்டுக்கு வரச் சொல்லவே கூடாது. நீங்கள்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். சோறு போட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்று சொல்லி நழுவியவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

கல்யாணத்துக்குக் கூப்பிடாததை நீங்களே முதலில் எடுத்துப் பேசுங்கள். எல்லாவற்றையும் அப்பா தலையில் போடாதீர்கள். அவர் போன பிறகும் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வரவில்லையே என்ற வருத்தம் தோழிக்கு இருக்கும். கோபமாக நாலு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பேசவே பிடிக்கவில்லை என்றால் வந்துவிடுங்கள். ஊர்க்காரர்களை விட்டுச் சமாதானம் பேச வேண்டாம். மன்னிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

பணம் அனுப்பு என்று உங்கள் அண்ணன் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் காசு கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமா? முதல் சந்திப்பில் பணம், பட்டுப்புடவை எதுவும் வேண்டாம். ஊரில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போனால் போதும்.

அதைவிட முக்கியமான வேலை உங்கள் வீட்டில் இருக்கிறது. மண்டபத்தில் அவரை வாசலில் வந்து அழைத்துப் போவது யார், பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரப்போவது யார் என்று கணவரிடமும் மகளிடமும் இப்போதே பேசிவிடுங்கள். அண்ணன் முகம் சுளித்தாலும் உறுதியாக நிற்க முடியும் என்றால் மட்டும் கூப்பிடுங்கள். இன்னொரு தடவை அவர் அவமானப்படக் கூடாது.

கல்யாணம் எந்த ஊரில் என்று நீங்கள் எழுதவில்லை. மும்பையில் என்றால், நெருங்கிய சொந்தங்களுக்குச் செய்வதுபோல அவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் போக வர டிக்கெட்டை நீங்களே எடுத்துவிடுங்கள்.