வியாழக்கிழமை வாசித்த வசனம் வெள்ளிக்கிழமை என்ன ஆகிறது?

ரங்கூன் தாக்கேத்தாவிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "எங்கள் வீட்டில் வியாழன் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஒரு அதிகாரம் வாசிப்போம், மூத்த அண்ணன் ஒருவர் முக்கால் மணி நேரம் விளக்குவார், ஜெபிப்போம், டீ குடித்துவிட்டுக் கலைவோம். அடுத்த வாரம் போன வாரத்து வசனம் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. போதாததற்கு ஒரு தம்பி எரேமியா 29:11ஐ வைத்துக்கொண்டு, 'கர்த்தர் எனக்குச் சொல்லிவிட்டார்' என்று கடை வேலையை விட்டுவிட்டு, தாய்லாந்து போக ஏஜெண்டுக்குப் பணம் கட்டப் போகிறான். வேதத்தை வாழ்க்கையில் கைக்கொள்வது எப்படி என்று சொல்லித் தாருங்கள்."

சகோதரி, தம்பியின் காரியம் அவசரம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கூட்டத்துக்கு வேண்டிய பாடமும் அதிலேயே இருக்கிறது.

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற அந்த வசனம் நம் வீடுகளில் காலண்டரிலும் சுவரிலும் தொங்குகிறது. அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? கி.மு. 597ல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜாவான எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பிய நிருபம்தான் 29ஆம் அதிகாரம். முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்திலேயே நின்று சொல்கிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! அதற்கு எதிராக எரேமியா எழுதுகிறார்: எழுபது வருஷம் ஆகும். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். இத்தனையும் சொன்ன பிறகுதான் 11ஆம் வசனம் வருகிறது.

ஆகவே அந்த வசனத்தை முதலில் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் அந்நிய மண்ணிலேயே கண்மூடியிருப்பார்கள். வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை. அது ஒரு ஜனத்துக்குக் கொடுக்கப்பட்டது, தலைமுறை தாண்டி நிறைவேறியது. இந்த வசனத்தைக் காட்டி ஒருவன் வேலையை விடலாம் என்று அந்தக் கடிதத்தில் எந்த வரியும் சொல்லவில்லை. சீக்கிரம் நடக்கும் என்று சொல்லுகிற குரலை நம்பாதீர்கள் என்பதைத்தான் 8, 9 வசனங்கள் சொல்கின்றன. இதைத் தம்பியோடு உட்கார்ந்து, அவனையே வாசிக்க வைத்துக் காட்டுங்கள். பத்துப் பேர் நடுவில் வேண்டாம், அவமானப்படுவான்.

இன்றைய நிலைமையில் பையன் ஊரை விட்டுப் போக நினைப்பது குற்றமில்லை. வேலை, படிப்பு, கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் என்று அவன் வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாரம் என்று எல்லாருக்கும் தெரியும். போகலாமா என்பதை வேறு வழியில் சோதியுங்கள். ஏஜெண்டுக்கு உரிமம் இருக்கிறதா? வேலை கொடுக்கிற கம்பெனியின் பேரும் விலாசமும் எழுத்தில் உண்டா? வெளிநாட்டுத் தொழிலாளர் அட்டை எடுத்துத் தருகிறார்களா, இல்லை தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியாவடி ஊர் வழியாக இரவில் கடத்துவோம் என்கிறார்களா? அந்த எல்லையில் இணைய மோசடிக் கும்பல்களின் முகாம்களில் அடைபட்ட பிள்ளைகளின் கதை நாடறியும். இந்த விசாரிப்பை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான், விவேகியோ தன் நடையின்மேல் கவனமாயிருக்கிறான்" என்ற நீதிமொழிகள் 14:15ஐக் காட்டுங்கள்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். தம்பி செய்த தவறும் உங்கள் கூட்டத்தின் குறையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது என் எண்ணம். முதலில் கேட்டவர்களுக்கு வசனம் என்ன சொன்னது என்று நாம் நின்று கேட்பதில்லை. அவன் அதைத் தாண்டி நேராகத் தன் காரியத்துக்குப் போனான். நீங்கள் விளக்கம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, உங்கள் காரியத்துக்குப் போகாமலே எழுந்துவிடுகிறீர்கள்.

அதிகாரம் முழுவதையும் எடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வசனம் போதும். இரண்டு தரம் வாசியுங்கள்: ஒருவர் தமிழில், ஒரு பிள்ளை பர்மியத்தில். நம் கையில் இருப்பது பெரும்பாலும் 1871ல் வந்த பவர் ஐயரின் தமிழ் வேத மொழிபெயர்ப்பு. பிள்ளைகளின் கையில் இருப்பது ஜட்சன் ஐயர் 1840ல் திருத்தி முடித்த பர்மிய வேதம். இரண்டும் பழைய நடைதான், இரண்டுக்கும் உதவி தேவைப்படும். ஒரே வசனத்தை இரு மொழியில் கேட்கும்போது, "பாட்டி, இங்கே வேற மாதிரி போட்டிருக்கே" என்று பிள்ளை வாய் திறக்கும். அந்த வாய் திறக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும். தமிழ் வாசிக்க வராதது வெட்கப்பட வேண்டிய விஷயமாக அந்த வீட்டில் ஒருநாளும் ஆகக்கூடாது.

பிறகு எல்லாருமாகப் பேசுங்கள்: இதைச் சொன்னது யார், கேட்டது யார், அவர்களுக்கு அப்போது என்ன நெருக்கடி, அவர்களை என்ன செய்யச் சொல்கிறது? இதற்கு விடை கிடைத்த பிறகுதான் "எனக்கு" என்ற சொல் வர வேண்டும்.

மூத்த அண்ணனைப் பற்றி. அவரைத் தள்ளிவைக்காதீர்கள். பல வருஷம் வேதத்தோடு வாழ்ந்தவர், அந்த அறிவு உங்களுக்கு வேண்டும். தனியாக அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்: "அண்ணே, பின்னணியைப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டு, எங்களுக்கு மூன்று கேள்வி தயார் பண்ணிக் கொடுங்களேன், பிள்ளைகள் பேசட்டும்." மரியாதையோடு கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார். நன்றாகக் கேள்வி கேட்பது நன்றாக விளக்குவதைவிடக் கஷ்டமான வேலை என்று அவருக்கும் சீக்கிரம் புரியும்.

கைக்கொள்ளுதல் என்ற இடத்துக்கு வரும்போதுதான் கூட்டங்கள் வழுக்குகின்றன. "நாம் இன்னும் அன்பாக இருக்க வேண்டும்", "விசுவாசத்தில் வளர வேண்டும்" என்று முடித்துவிடுவோம். யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயலைச் சொல்லட்டும்: யாரிடம், என்ன, எந்தக் கிழமைக்குள். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1ஐ வாசித்த கடைக்காரர், "சனிக்கிழமைக்குள் என் தராசைச் சரிபார்க்கிறேன்" என்று சொல்லலாம். மத்தேயு 5:23, 24ஐ வாசித்த அக்கா, பேசாமல் இருக்கும் நாத்தனாருக்கு ஞாயிறு ஆராதனைக்கு முன் போன் போடலாம். எரேமியா 29:7ஐ வாசித்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து, தெருவில் கரண்ட் இல்லாத வீட்டுப் பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், அவர் பௌத்தரோ இந்துவோ முஸ்லிமோ. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு மாண்டலேக்குப் போனவர்கள் யார் வீடு எந்த மதம் என்று பார்த்தா இறக்கினார்கள்?

அடுத்த வாரம் வேதத்தைத் திறக்குமுன், "போன வாரம் சொன்னது என்ன ஆச்சு?" என்று ஐந்து நிமிஷம் கேளுங்கள். இந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். செய்யாதவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், ஏன் முடியவில்லை என்று கேட்டு அதற்காகவே ஜெபியுங்கள். நாத்தனார் போனை எடுக்கவில்லை என்றால் அதுவும் பேச வேண்டிய விஷயம்தான்.

இப்படி மனம் திறந்து பேச ஆரம்பித்தால் இரகசியம் காக்கப்பட வேண்டும். ஜெபக்குறிப்பு என்ற பேரில் ஒருவர் வீட்டுக் கடன் விவகாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கப் பரவினால், அதற்குப் பிறகு யாரும் உண்மை பேச மாட்டார்கள். முதல் நாளே இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளட்டும்.

சில காரியங்களை வசனம் சொல்லி அந்த அறையிலேயே முடிக்கப் பார்க்காதீர்கள். கணவனிடம் அடிபடுகிற பெண்ணிடம் "கீழ்ப்படி, மன்னித்துவிடு" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது பாவம் என்றே சொல்வேன். முதலில் அவளுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும். அதேபோல, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று சொல்லிச் சர்க்கரை வியாதி மாத்திரையை நிறுத்துகிறவர் இருந்தால் உடனே தடுங்கள். பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியன்தான் (கொலோசெயர் 4:14). வயிற்று நோவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதும் அதே பவுல்தான்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்றால், யாக்கோபு நிருபம். ஐந்தே அதிகாரம், 108 வசனம். வாரம் பத்துப் பன்னிரண்டு என்று போனால் பத்து வாரத்தில் முடியும். நாவு, கூலி, பணக்காரனுக்குக் கொடுக்கும் தனி மரியாதை, பசித்தவனிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று வெறும் வாயால் சொல்வது என எல்லாம் நம் தெருவில் நடக்கிற விஷயங்கள். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து மணியை மாற்றிக்கொள்ளுங்கள். வாசிக்க முடியாத பெரியவர்களுக்கு ஒலி வேதாகமத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். டீயைக் கடைசியில் வைக்காமல் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். போன வாரத்துக் கேள்வியை டம்ளர் கையில் இருக்கும்போது கேட்டால் பதில் எளிதாக வரும்.