புதிதாக வாங்கிய லேசர் படகில் பாய் கட்டக் கற்றுக்கொள்வது எப்படி?

ஒருவர் ஓட்டும் சிறிய பாய்மரப் படகான லேசரில் பழையது ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பாய்மரம், பாய், கயிறுகள் எல்லாம் ஒரே குவியலாக வந்து சேர்ந்திருக்கின்றன. எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் இதே குவியலின் முன் நானும் நின்றிருக்கிறேன். என் பதில் இதுதான்: முதல் மூன்று நாட்களுக்குப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். கரையிலேயே கட்டுங்கள், அவிழுங்கள், மறுபடியும் கட்டுங்கள்.

நல்ல படகைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். புரூஸ் கர்பி வடிவமைத்த இந்த 4.23 மீட்டர் படகு 1996 முதல் ஒலிம்பிக்கில் ஓடுகிறது. இப்போது இதற்கு ஐ.எல்.சி.ஏ. என்று பெயர். மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பக்கக் கம்பிகள் இதில் கிடையாது. பாயை மேலே இழுக்கும் கயிறும், நம் கடற்கரையில் ஆஞ்சான் என்கிறார்களே, அதுவும் கிடையாது. பாயின் முன்விளிம்பு நீண்ட உறை போலத் தைக்கப்பட்டிருக்கும். இரண்டு துண்டு மரத்தை ஒன்றாகச் செருகி, அந்த உறைக்குள் நுழைத்து, மொத்தமாகத் தூக்கிப் படகின் குழியில் நிறுத்த வேண்டியதுதான்.

அந்தக் குழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய படகில் பெரும்பாலும் நோய் அங்கேதான் இருக்கும். உள்ளே விரலை விட்டுத் துழாவுங்கள். என் படகில் ஒரு கைப்பிடி மணல் வந்தது. மரம் திரும்பும்போதெல்லாம் அந்த மணல் அடிப்பகுதியை உப்புத்தாள் போல அராவிவிடும். கழுவிய பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்துவைத்து, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். மட்டம் இறங்கினால் தண்ணீர் படகின் வயிற்றுக்குள் போகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் கடலுக்குப் போகாதீர்கள். மேல்மரத்தில் வளையத்தைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியைச் சுற்றி விரிசலோ வெள்ளை அரிப்போ இருக்கிறதா என்றும் பாருங்கள். மரம் முறிந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முறிகிறது.

கட்டும்போது படகின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்கட்டும். எல்லாக் கயிறுகளும் தளர்வாக இருக்கட்டும். பாயை விறைப்பாக வைக்கும் மூன்று பட்டிகளையும் மெல்லிய முனை மரத்தின் பக்கம் இருக்குமாறு பாயில் செருகுங்கள். மரத்தைச் செங்குத்தாகத் தூக்கி நேராகக் குழியில் இறக்குங்கள். சாய்த்து இறக்கினால் குழியின் விளிம்பு பிளந்துவிடும். காற்றடிக்கும் நாளில் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

மரம் நின்றதும், அது குழியிலிருந்து எழும்பாதபடி ஒரு கயிற்றால் படகோடு கட்டிவிடுங்கள். நான் அதைக் கட்டாமல் போன நாளில் படகு முழுவதும் கவிழ்ந்து, மரமும் பாயும் கழன்று தனியாக மிதந்தன. அவற்றை மறுபடி பொருத்த முடியாமல், இன்னொரு படகு வந்து இழுத்துக் கரைசேர்த்தது. இரண்டு அடிக் கயிறு கட்டியிருந்தால் அந்த வம்பைத் தவிர்த்திருக்கலாம்.

பாயின் அடியில் கிடையாக நிற்கும் கம்பமான பூமை மாட்டிய பின் பாயின் பின்பக்கக் கீழ்மூலையைப் பட்டையால் பூமோடு சேர்த்துக் கட்டுங்கள். பிறகு வருபவை மூன்று கயிறுகள். கீழ்மூலையைப் பின்னால் இழுப்பது ஒன்று; பாயின் கீழ்விளிம்பின் நடுவுக்கும் பூமுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி விட்டால் தொடக்கத்துக்குப் போதும். முன்விளிம்பைக் கீழே இழுப்பது இன்னொன்று. காற்று வலுக்கும்போது இறுக்குங்கள். மூன்றாவது, பூம் மேலே எழும்பாமல் பிடிப்பது. கரையில் நின்றபடியே ஒவ்வொன்றாக இழுத்துப் பாயைக் கவனியுங்கள். சுருக்கம் எங்கே விழுகிறது, வயிறு எங்கே தட்டையாகிறது என்று பார்க்கப் பார்க்கக் கயிற்றின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் வேலை விளங்கிவிடும். எனக்குப் படகே பிடிபட்டது அந்த ஒரு மாலையில்தான்.

கையில் பிடிக்கும் பெரிய கயிறு பூமின் பின்முனையில் தொடங்கி, பின்புறக் குறுக்குக் கயிற்றின் கப்பிக்குள் இறங்கி, மீண்டும் பின்முனைக் கப்பிக்கு ஏறி, பூம் வழியாக முன்னே வந்து படகுத்தட்டின் நடுக் கப்பிக்கு இறங்கும். கடைசி நுனியில் 8 வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள். சுக்கானின் கைப்பிடி அந்தக் குறுக்குக் கயிற்றுக்கு அடியில்தான் போக வேண்டும்; மேலே போனால் நினைத்த பக்கம் திரும்ப முடியாது. சுக்கானைப் பிடிக்கும் கிளிப், பின்பக்க வடிகால் அடைப்பான் இரண்டையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே இறக்குங்கள்.

உங்கள் எடை 65 கிலோவுக்குக் குறைவு என்றால் 7.06 சதுர மீட்டர் பாயோடு மல்லுக்கட்ட வேண்டாம். 5.76 சதுர மீட்டர் ரேடியல் பாயும் அதற்கான குட்டையான கீழ்மரமும் கிடைக்கும். படகும் மேல்மரமும் அதேதான். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த ரேடியலைத்தான்.

கயிறு எங்காவது குழப்பினால் பூமின் பின்முனையைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.